‘டேப்’ என்று மட்டும் எழுதினால் விதியாகாது

திறமூலத் திட்டம் ஒன்றில் நாலைந்து பேர் சேர்ந்து கோட் எழுத ஆரம்பித்தால், வரிகளை உள்ளே தள்ளி எழுத டேப்பா ஸ்பேஸா என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். பெரும்பாலும் வாக்கெடுப்பில்தான் முடியும். டேப் ஜெயித்தால், ஸ்டைல் கோப்பில் ‘இன்டென்ட்டுக்கு டேப் பயன்படுத்தவும்’ என்று ஒரு வரி ஏறும். கொஞ்ச நாளில் அதே சண்டை வேறு உருவத்தில் திரும்பி வரும். ஒருவர் அனுப்பிய பேட்ச் (நிரலில் செய்த மாற்றங்களின் தொகுப்பு) அவருடைய எடிட்டரில் நேராக இருக்கும், இன்னொருவருடைய திரையில் கோணலாக இருக்கும். இருவருமே விதியைத்தான் பின்பற்றியிருப்பார்கள்.

டேப் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று விதிகள் ஒளிந்திருக்கின்றன. எந்த விதி என்று எழுதாமல் வாக்கெடுத்தால், ஒரே பக்கம் கை தூக்கியவர்களே பின்னால் மோதிக்கொள்வார்கள். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். இருக்கிற கோப்புகளை ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எப்படி, எங்கே உடையும் என்பதும் பின்பாதியில் இருக்கிறது.

கோப்புக்குள் உண்மையில் இருப்பது

ஆஸ்கியில் டேப் 9ஆம் எழுத்து, ஸ்பேஸ் 32ஆம் எழுத்து. ஸ்பேஸ் எப்போதும் ஒரு கட்டம் அகலம். டேப்புக்கென்று சொந்த அகலமே கிடையாது. ‘அடுத்த நிறுத்தம் வரைக்கும் போ’ என்பதுதான் அதன் பொருள், தட்டச்சுப் பொறியின் டேபுலேட்டர் கட்டையைப் போலவே. டெர்மினலில் வழக்கமாக 8 கட்டத்துக்கு ஒரு நிறுத்தம். வரியின் தொடக்கத்தில் டேப் அடித்தால் 8 கட்டம் நகரும். மூன்று எழுத்துக்குப் பிறகு அடித்தால் 5 கட்டம்தான் நகரும். ‘ஒரு டேப் என்றால் 8 ஸ்பேஸ்’ என்று நினைத்துக்கொண்டு தேடு-மாற்று கொடுத்தால், வரியின் நடுவில் இருக்கிற டேப்கள் எல்லாம் கலைந்துபோவது இதனால்தான்.

வரியின் முன்னால் இருக்கும் வெற்றிடம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று இன்டென்ட்: இந்த வரி எத்தனையாவது பிளாக்குக்குள் இருக்கிறது என்று காட்டுவது. மற்றது அலைன்மென்ட்: இந்த வரியின் தொடக்கம் மேல்வரியின் ஒரு குறிப்பிட்ட எழுத்துக்கு நேர்கீழே நிற்க வேண்டும் என்பது. இன்டென்ட்டுக்கு அகலம் முக்கியமில்லை, படிநிலைதான் முக்கியம். அலைன்மென்ட்டுக்கு அகலம்தான் எல்லாமே. சண்டையின் முக்கால்வாசி இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் வருவது.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். முன்னால் ஒரு டேப், பிறகு 12 எழுத்துள்ள ஃபங்ஷன் பெயர், அடுத்து அடைப்புக்குறி, முதல் ஆர்க்யுமென்ட். இரண்டாவது ஆர்க்யுமென்ட் அடுத்த வரியில், முதலாவதற்கு நேர்கீழே வர வேண்டும். டேப் 8 என்றால் முதல் ஆர்க்யுமென்ட் நிற்பது 8 + 12 + 1, அதாவது 21 கட்டம் தாண்டி. கீழே → என்பது டேப், · என்பது ஸ்பேஸ், □ என்பது பெயரின் ஓர் எழுத்து:

→□□□□□□□□□□□□(முதல்,
→→·····இரண்டாவது)

இரண்டு டேப் 16, அதோடு 5 ஸ்பேஸ், மொத்தம் 21. டேப் 8 என்று வைத்திருக்கிற எவருக்கும் இது நேராகத் தெரியும். டேப்பை 4 ஆக்கினால் மேல்வரியின் ஆர்க்யுமென்ட் 17இல் நிற்கும், கீழ்வரி 8 + 5 = 13இல் நிற்கும். 4 கட்டம் இடதுபக்கம் விலகிவிட்டது. டேப் 2 என்றால் 15க்கு எதிரே 9, அதாவது 6 கட்டம் விலகல்.

அதே வரியை வேறு மாதிரி எழுதலாம்:

→□□□□□□□□□□□□(முதல்,
→·············இரண்டாவது)

ஒரு டேப், பிறகு 13 ஸ்பேஸ். டேப் 8 ஆனாலும் 4 ஆனாலும் 2 ஆனாலும் இது கலையாது, ஏனென்றால் இரண்டு வரிகளிலும் டேப்பின் பங்கு ஒன்றேதான்.

மூன்றாவது வழி, அலைன்மென்ட்டையே கைவிடுவது. அடைப்புக்குறியைத் திறந்ததும் வரியை முறித்து, ஆர்க்யுமென்ட்களை இன்னொரு டேப் உள்ளே தள்ளி எழுதுவது. எதற்கு நேர்கீழே எது என்ற கேள்வியே எழாது.

இந்த மூன்று வழிகள்தான் அந்த மூன்று விதிகள், மூன்றும் ‘டேப்’தான். முதலாவதில் டேப்பின் அகலம் விதியின் ஒரு பகுதி. மற்ற இரண்டில் அகலம் படிப்பவரின் விருப்பம்.

யார் எந்த விதி

‘டேப் வைத்தால் அவரவர் விருப்பப்படி அகலத்தை மாற்றிக்கொள்ளலாம், லினக்ஸ் கெர்னலே டேப்தானே’ என்று ஒரே மூச்சில் சொல்பவர்கள் உண்டு. முதல் பாதியும் இரண்டாம் பாதியும் பொருந்தாது. கெர்னலின் ஸ்டைல் ஆவணம் டேப் என்றால் 8 எழுத்து என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. அகலமான இன்டென்ட் வைப்பதற்கு அது சொல்லும் காரணமும் தெளிவானது: பிளாக் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது நெடுநேரம் திரையைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கும் தெரிய வேண்டும், மூன்று நிலைக்கு மேல் உள்ளே போய்விட்டால் அந்த நிரலையே திருத்த வேண்டும். இன்டென்ட் ஆழமானால் எழுதுபவருக்கு வலிக்க வேண்டும் என்பதற்காகவே 8. வரி நீளம் 80க்குள் இருப்பது இன்னமும் விரும்பப்படுகிறது. பேட்ச்சைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் எச்சரிக்கும் எல்லை மட்டும் 2020இல் 100 ஆக்கப்பட்டது. முன்னால் 8 ஸ்பேஸ் சேர்ந்தாலே ‘டேப் போட முடிகிற இடத்தில் டேப் போடு’ என்று அந்த ஸ்கிரிப்ட் சொல்லும். அலைன்மென்ட்டும் டேப்களும் மிச்சத்துக்கு 7க்கு மிகாத ஸ்பேஸ்களுமாகத்தான் வரும். ஆக கெர்னல் முதல் விதி. டேப் 4 வைத்துக் கெர்னலைப் படித்தால் தொடர்வரிகள் எல்லாம் விலகித் தெரியும், அதைத் ‘திருத்தி’ பேட்ச் அனுப்பினால் மற்ற எல்லோருக்கும் கலையும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளமும் முதல் விதிதான், ஆனால் அங்கே அகலம் 4. கோப்பில் டேப் டேப்பாகவே இருக்க வேண்டும், நிறுத்தம் 4 கட்டத்துக்கு ஒன்று. கோப்பைத் திரையில் காட்டும் லெஸ் கட்டளையில் அந்த நிரலைப் படிக்க, சின்ன எக்ஸுடன் 4 சேர்த்து ஓட்டச் சொல்லி அதன் ஆவணமே எழுதியிருக்கிறது. இதைச் செய்யாமல் 8இல் திறந்தால், எழுதியவர்கள் அலங்கோலமாக எழுதியிருக்கிறார்கள் என்றே தோன்றும். பிஜிஇன்டென்ட் என்ற சொந்தக் கருவியை வைத்து மொத்த மரத்தையும் அவ்வப்போது சீர்செய்கிறார்கள். விதி எவ்வளவு தனித்தன்மையாக இருந்தாலும் அதைக் கருவி காப்பாற்றுகிறது. ஒரு திட்டம் முதல் விதியை எடுப்பதென்றால் இந்த அளவுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

கோ மொழி 2009இல் வெளியானபோதே கோஃபம்ட் என்ற ஃபார்மேட்டரோடு (நிரலின் வடிவத்தைத் தானே சீர்செய்யும் கருவி) வந்தது. இன்டென்ட்டுக்கு டேப், அலைன்மென்ட்டுக்கு ஸ்பேஸ். மாற்றுவதற்கு ஒரு விருப்பத்தேர்வுகூட அதில் கிடையாது. வேர்ட்பிரஸும் அதே இரண்டாம் விதி: வரித் தொடக்கத்தில் டேப், வரி நடுவில் ஸ்பேஸ். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட அதே பிஎச்பி மொழியின் உலகத்தில் பிஎஸ்ஆர்-12 என்ற பொது ஸ்டைல் விதி 4 ஸ்பேஸ் என்கிறது. வேர்ட்பிரஸ் பிளகின் ஒன்று பிஎச்பியின் பேக்கேஜ் கருவியான கம்போசர் வழியாக வெளி லைப்ரரிகளைச் சேர்க்கும்போது ஒரே ரெப்போவுக்குள் (திட்டத்தின் நிரல் களஞ்சியம்) இரண்டும் வந்து உட்காரும். அங்கே வெளி லைப்ரரியின் அடைவை ஃபார்மேட்டரின் கண்ணில் படாமல் விலக்கி வைப்பதுதான் சரி, அதைத் திருத்தப் போகக்கூடாது.

கோவின் அலைன்மென்ட் பற்றித் தமிழில் நிரல் எழுதுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கணக்கைப் போடும் டேப்ரைட்டர் பேக்கேஜ், யூனிகோட் குறியெண் ஒவ்வொன்றும் ஒரு கட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. ‘கோ’ என்பது க, ஓகாரக் குறி என்று இரண்டு குறியெண். ‘தமிழ்’ என்பதில் ஐந்து. திரையில் அவை பிடிக்கும் இடம் எழுத்துருவைப் பொறுத்து வேறு. தமிழ்ச் சரங்களை ஒரு பட்டியலாக வைத்து ஒவ்வொன்றின் வலப்பக்கமும் கமென்ட் எழுதினால், கோஃபம்ட் எண்ணிக்கையில் சரியாகவும் பார்வைக்குக் கோணலாகவும்தான் வைக்கும். கையால் நேராக்கினாலும் அடுத்த முறை ஃபார்மேட்டர் ஓடும்போது மறுபடி கலையும். கமென்ட்டை மேல்வரிக்கு ஏற்றிவிடுவது ஒன்றே நிலையான வழி.

யாரும் தேர்ந்தெடுக்காத நான்காவது

இன்டென்ட் 2 அல்லது 4, ஆனால் 8 கட்டம் சேர்ந்தால் அதை ஒரு டேப்பாகச் சுருக்கு. இமாக்ஸ் எடிட்டரின் இயல்பான அமைப்பு இதுதான். ஜிசிசி கம்பைலர் போன்ற குனூ திட்டங்களின் பழைய கோப்புகளில் இதைப் பார்க்கலாம். டேப் 8 என்று வைத்துப் பார்க்கும்வரை எந்தக் குறையும் தெரியாது. 4 ஆக்கிப் பார்த்தால் பயமாக இருக்கும். இன்டென்ட் 2 என்றால் மூன்றாம் நிலை 6 ஸ்பேஸ், நான்காம் நிலை 8 கட்டம் என்பதால் ஒரு டேப். டேப் 4இல் அந்த நான்காம் நிலை வரி 4ஆம் கட்டத்தில் நிற்கும், மூன்றாம் நிலை வரி 6இல் நிற்கும். உள்ளே இருக்க வேண்டிய வரி வெளியே வந்து நிற்கிறது. படிப்பவர் லாஜிக்கைத் தப்பாகப் புரிந்துகொள்ள இதைவிட வேறொன்றும் தேவையில்லை.

கம்பைலருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 2014இல் ஆப்பிளின் டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைய இணைப்பு) நிரலில் ‘கோட்டு ஃபெயில்’ என்ற வரி இரண்டு முறை வந்து, இரண்டாவது வரி இஃப்-க்கு உட்பட்டது போலத் தோற்றமளித்தாலும் நிபந்தனையின்றி ஓடியது. கையொப்பச் சரிபார்ப்பு நடக்காமலே போனது. இன்டென்ட் ஒன்று சொல்ல நிரல் வேறொன்று செய்யும் இந்த வகைப் பிழைக்காக ஜிசிசி 6இல் ஓர் எச்சரிக்கை சேர்ந்தது, ‘வால்’ (-Wall) விருப்பத்தேர்விலேயே அது அடங்கும். டேப்பும் ஸ்பேஸும் கலந்த கோப்பில் எந்த வரி எதற்கு நேர் என்று அது எப்படி அறியும்? டேப் 8 என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் திட்டத்தின் டேப் 4 என்றால், எஃப்டேப்ஸ்டாப் விருப்பத்தேர்வில் 4 என்று கொடுத்தால்தான் அந்த எச்சரிக்கையை நம்பலாம்.

பைத்தான் இங்கே ஒரு முடிவையே எடுத்துவிட்டது. பைத்தான் 2 டேப்பை அடுத்த 8இன் மடங்குக்கு நகர்த்தி ஒப்பிட்டது, அதனால் கலப்புக் கோப்பு சத்தமில்லாமல் ஓடியது. பைத்தான் 3, டேப்பின் அகலத்தைப் பொறுத்துப் பொருள் மாறக்கூடிய கோப்பு என்றால் டேப்எரர் கொடுத்து நிறுத்திவிடுகிறது. 2001இல் எழுதப்பட்ட பெப் 8 என்ற பைத்தான் ஸ்டைல் ஆவணம் நிலைக்கு 4 ஸ்பேஸ் என்கிறது. (எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் பிளாக்கை ‘முடி’ என்ற சொல் மூடுவதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை.)

பேட்ச்சில் ஒரு கட்டம் நகர்வது

புதிதாக ரிவ்யூ செய்ய வருபவர்கள் அடிக்கடி தவறும் இடம் இது. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் ஒவ்வொரு வரியின் முன்னாலும் + அல்லது - அல்லது ஒரு ஸ்பேஸ் சேர்க்கிறது. ஸ்பேஸால் தள்ளிய வரி அதனால் ஒரு கட்டம் வலப்பக்கம் நகரும். டேப்பால் தள்ளிய வரி நகராது, ஏனென்றால் + பிடித்த கட்டத்தை டேப் தன் நிறுத்தத்துக்குள் விழுங்கிவிடும்.

கெர்னல் பேட்ச்சில் ஒரு ஃபங்ஷன் அறிவிப்பைப் பாருங்கள். முதல் வரி இடது ஓரத்திலேயே தொடங்குவதால் ஒரு கட்டம் நகர்கிறது. பாராமீட்டர் தொடரும் வரி டேப்பில் தொடங்குவதால் அங்கேயே நிற்கிறது. நேராக எழுதிய பாராமீட்டர்கள் டிஃப்பில் ஒரு கட்டம் கோணலாகத் தெரியும். ‘அலைன்மென்ட் சரியில்லை’ என்று கமென்ட் போடுவதற்கு முன் பேட்ச்சை அப்ளை செய்து கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். இதே குணம் இன்னொரு வகையில் உதவவும் செய்யும்: டிஃப்பில் ஒரே நிலையில் இருக்க வேண்டிய இரண்டு வரிகள் ஒரே ஒரு கட்டம் மட்டும் விலகியிருந்தால், ஒன்றில் டேப், மற்றதில் ஸ்பேஸ் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உறுதிசெய்ய, கேட் கட்டளையைப் பெரிய ஏ விருப்பத்தேர்வோடு ஓட்டினால் டேப் எல்லாம் மேற்கூரைக் குறியோடு ஐ என்றும் வரி முடிவு டாலர் குறியாகவும் தெரியும்.

மின்னஞ்சலில் பேட்ச் அனுப்பும் திட்டங்களில் டேப்பை ஸ்பேஸாக மாற்றிவிடும் மெயில் மென்பொருள் பெரிய எதிரி. உடலில் ஒட்டிய பேட்ச் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் சூழல் வரிகள் கோப்போடு பொருந்தாததால் அப்ளை ஆகாது. பதிப்புகளைக் காக்கும் கருவியான கிட்டின் சென்ட்-இமெயில் கட்டளையையே பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது

திட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், இருப்பதையே விதியாக எழுதுங்கள். பெரும்பான்மைக் கோப்புகள் எப்படியோ அப்படி. இதில் எனக்கு ஊசலாட்டமே இல்லை, மாற்றுவதன் விலையைக் கீழே படித்தால் காரணம் புரியும்.

புதுத் திட்டம் என்றால், மொழிக்கு எல்லோரும் ஏற்ற ஃபார்மேட்டர் இருந்தால் அதன் இயல்பான அமைப்பு. கோவுக்கு டேப், பைத்தானுக்கு 4 ஸ்பேஸ், ரஸ்ட்டுக்கு ரஸ்ட்ஃபம்ட் தரும் 4 ஸ்பேஸ். வெளியிலிருந்து வருபவர் ஏற்கெனவே கைப்பழக்கமாக வைத்திருப்பது அதுதான். சி, சி++, ஜாவாஸ்கிரிப்ட் போல மொழி ஒன்றும் சொல்லாத இடத்தில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. அங்கே நான் மூன்றாம் விதிக்கு வாக்களிப்பேன்: டேப் இன்டென்ட், அலைன்மென்ட்டே கிடையாது.

அதற்கு முதல் காரணம் பார்வையற்ற நிரலாளர்கள். பிரெய்ல் திரையில் ஒரு வரிக்கு 40 கட்டம் என்பது பரவலான அளவு. நிலைக்கு 4 ஸ்பேஸ் என்றால் மூன்றாம் நிலையிலேயே 12 கட்டம் வெறுமையாகப் போய்விடும், விரல் அந்த வெறுமையைத் தடவிக் கடந்த பிறகுதான் நிரல் வரும். டேப்பை ஒரே கட்டமாகக் காட்டும்படி அமைத்துக்கொள்ள முடிந்தால் போவது 3 கட்டம்தான். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிப்பவருக்கும் இதே நன்மை: அவர் டேப்பை 2 ஆக்கிக்கொள்ளலாம், இன்னொருவர் 8 ஆக வைத்துக்கொள்ளலாம். ஸ்பேஸில் அந்த அகலத்தை எழுதியவர் முடிவுசெய்து எல்லோர் மேலும் வைத்துவிடுகிறார். ஜாவாஸ்கிரிப்ட் ஃபார்மேட்டரான ப்ரெட்டியரின் இயல்பான அமைப்பை டேப்பாக்க வேண்டும் என்று கேட்டவர்கள் முன்வைத்ததும் இந்தக் காரணத்தைத்தான். இன்னும் 2 ஸ்பேஸ்தான் அதன் இயல்பு. யூஸ்டேப்ஸ் என்ற ஒரு வரியில் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்பேஸின் பலத்தையும் மறைக்கக்கூடாது. டெர்மினல், மின்னஞ்சல், வலைப்பக்கம், அச்சு என்று எங்கே போனாலும் ஒரே தோற்றம். எந்த அகலம் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. அலைன்மென்ட் நிறைய வேண்டும் என்று குழு பிடிவாதமாக இருந்தால் ஸ்பேஸ்தான் சரி. இரண்டாம் விதியைக் கருவி இல்லாமல் கையால் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் எடிட்டர்கள் பலவற்றில் டேப் எங்கே நின்று ஸ்பேஸ் எங்கே தொடங்க வேண்டும் என்று பிரித்தறியும் அமைப்பே இல்லை. சி, சி++ ஃபார்மேட்டரான கிளாங்-ஃபார்மேட்டில் யூஸ்டேப் என்ற இடத்தில் அலைன்வித்ஸ்பேசஸ் என்று கொடுத்தால் அது பார்த்துக்கொள்ளும். அங்கே ‘ஆல்வேஸ்’ என்று கொடுத்தால் முதல் விதி வந்துவிடும், பலர் தவறுவது இங்கேதான். கோப்பின் அளவு குறையும் என்ற வாதத்தை விட்டுவிடலாம். கிட் எல்லாவற்றையும் சுருக்கித்தான் வைக்கிறது.

விதியைக் கருவியிடம் ஒப்படைப்பது

எடிட்டர்களுக்கு விதியைச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ரெப்போவின் மேலடுக்கில் இருக்கட்டும். ‘ரூட்’ என்பதை உண்மை என்று வைத்தால் அதற்கு மேலிருக்கும் அடைவுகளில் தேடாது. இன்டென்ட்_ஸ்டைல் டேப் என்று எழுதினால் டேப்_விட்த்தையும் எழுதுங்கள், முதல் விதியாக இருந்தால் அது கட்டாயம். பிறகு விதிவிலக்குகள். மேக் என்ற பில்ட் கருவியின் மேக்ஃபைலுக்குத் தனிப் பிரிவில் டேப்: 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய நாளிலிருந்து ரெசிப்பி வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் வந்தால் ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர்’ என்று நின்றுவிடும். யாமலுக்கு ஸ்பேஸ், அங்கே இன்டென்ட்டில் டேப் தடை. மார்க்டவுனில் வரிக் கடைசி ஸ்பேஸை வெட்டும் அமைப்பை அணைத்துவையுங்கள், கடைசியில் இரண்டு ஸ்பேஸ் என்றால் அங்கே வரிமுறிவு. பேட்ச் கோப்புகளுக்கும் அப்படியே. வெற்றுச் சூழல் வரி என்பது ஒற்றை ஸ்பேஸ்தான், அதை வெட்டினால் பேட்ச் கெட்டுப்போகலாம்.

எடிட்டர் அமைப்பை ஒவ்வொரு நிரல் கோப்பின் அடியிலும் விம் மோட்லைனாக எழுதிவைக்கும் பழக்கம் வேண்டாம். கெர்னல் அதைத் தடைசெய்திருக்கிறது, படிப்பவரின் சொந்த அமைப்பை அது மீறுகிறது என்பதால்.

கிட்டிலேயே சோதனை இருக்கிறது. டிஃப் கட்டளையோடு செக் விருப்பத்தேர்வைச் சேர்த்து சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானே ஓடும் சோதனை) ஓட்டினால் குறை இருக்கும்போது தோல்விக் குறியோடு முடியும். கோர்.வொய்ட்ஸ்பேஸ் அமைப்பு அவரவர் கணினியில் மட்டுமே இருக்கும், அதனால் விதியைக் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் எழுதுங்கள், அது ரெப்போவோடு போகும். ஸ்பேஸ் திட்டத்துக்கு ‘டேப்-இன்-இன்டென்ட்’, முதல் விதிக்கு ‘இன்டென்ட்-வித்-நான்-டேப்’ கூடவே டேப்விட்த். இரண்டாம் விதிக்கு இந்த ‘இன்டென்ட்-வித்-நான்-டேப்’ அமைப்பைப் போடாதீர்கள். கடைசி டேப்புக்குப் பின்னால் வரும் ஸ்பேஸ்களையும் அது எண்ணும், இயல்பான 8 அகலத்தில் 8 ஸ்பேஸ் சேர்ந்தாலே குறை சொல்லும். மேலே காட்டிய ஒரு டேப், 13 ஸ்பேஸ் வரி சரியான வரி, ஆனாலும் சிஐ சிவப்பாகிவிடும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

முதலில், இப்போதிருக்கும் கோப்புகள் எந்த அகலத்தில் எழுதப்பட்டவை என்று கண்டுபிடியுங்கள். கலப்புக் கோப்பை டேப் 8இல் திறந்து தொடர்வரிகள் நேராக நிற்கின்றனவா பாருங்கள். நின்றால் 8. இல்லையென்றால் 4இல் பாருங்கள். நீங்கள் போக விரும்பும் அகலம் எதுவானாலும், விரிப்பது எழுதிய அகலத்தில்தான். 8இல் எழுதிய கோப்பை 4 என்று சொல்லி டேப்பை ஸ்பேஸாக்கும் எக்ஸ்பேண்ட் கட்டளையால் விரித்தால் கலப்பு நிரந்தரமாகக் கல்லில் பொறித்ததாகிவிடும். பழைய பைத்தான் 2 கோப்பு என்றால் பிளாக்கின் அமைப்பே மாறக்கூடும்.

எக்ஸ்பேண்டில் ‘இனிஷியல்’ விருப்பத்தேர்வைக் கொடுங்கள், வரித் தொடக்க டேப்களை மட்டும் மாற்றும். திருப்பிப் போகும் அன்எக்ஸ்பேண்டில் ஒரு பொறி உண்டு: அகலத்தைக் கொடுத்தாலே வரி நடுவில் இருக்கும் ஸ்பேஸ் கூட்டங்களையும் டேப்பாக்கத் தொடங்கிவிடும். ‘ஃபர்ஸ்ட்-ஒன்லி’ என்பதையும் சேர்த்தால்தான் முன்பக்கத்தோடு நிற்கும். வெளியீட்டை அதே கோப்புக்குத் திருப்பிவிடாதீர்கள், கட்டளை படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடும். தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றுங்கள். மொழியறிந்த ஃபார்மேட்டர் இருந்தால் இந்த இரண்டு கட்டளைகளையும் தொடவே வேண்டாம். பல வரிகளில் ஓடும் சரங்களுக்குள் இருக்கும் டேப், நிரலின் வெளியீடு. அதை இந்தக் கட்டளைகளால் பிரித்தறிய முடியாது.

ஷெல் ஸ்கிரிப்ட்டைத் தனியாகப் பாருங்கள். <<- என்று தொடங்கும் ஹியர்டாக் (ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதிவைக்கும் பல வரித் தரவு) ஒவ்வொரு வரியின் முன்னாலும் இருக்கும் டேப்களை நீக்கும், ஸ்பேஸை நீக்காது. டேப்பெல்லாம் ஸ்பேஸானதும் முடிவுச் சொல்லின் முன்னால் ஸ்பேஸ் நிற்கும், ஷெல் அதை முடிவாக ஏற்காது, ஸ்கிரிப்ட்டின் மிச்சம் முழுவதையும் தரவாக விழுங்கிவிடும். பாஷ் ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். டெஸ்ட்டுகளின் எதிர்பார்ப்புக் கோப்புகள், டேப் பிரித்த தரவுக் கோப்புகள், வெளியிலிருந்து எடுத்து வைத்த நிரல், இவற்றை முதலிலேயே விலக்கிவிடுங்கள்.

மாற்றம் ஒரே கமிட்டில் (கிட்டில் பதியும் ஒரு மாற்றம்) வர வேண்டும், அதில் வேறெந்தத் திருத்தமும் கூடாது. சரிபார்க்க, டிஃப்பைச் சின்ன டபிள்யூ விருப்பத்தேர்வோடு ஓட்டினால் வெறுமையாக வர வேண்டும். பைத்தானுக்கு இது போதவே போதாது. அந்த விருப்பத்தேர்வு வெற்றிடத்தை மொத்தமாகப் புறக்கணிப்பதால், ஒரு வரி வேறு பிளாக்குக்குப் போயிருந்தாலும் வெறுமைதான் வரும். ஏஎஸ்டி மாட்யூலால் முன்னும் பின்னும் நிரலின் இலக்கண மரத்தை எடுத்து ஒப்பிடுங்கள். சி நிரலுக்கு ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒப்பிடலாம், வரி எண்கள் மாறாததால் அவை ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் டீபக் தகவல் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள். புதிய ஜிசிசி வரி எண்ணோடு கட்டத்தின் எண்ணையும் டீபக் தகவலில் எழுதும், இன்டென்ட் மாறினால் அது மாறும்.

அடுத்தது பிளேம், அதாவது ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட் எது என்று காட்டும் கட்டளை. கிட் 2.23 முதல், புறக்கணிக்க வேண்டிய கமிட்களை ஒரு கோப்பில் எழுதலாம்: வரிக்கு ஒரு முழு 40 இலக்க ஹாஷ். கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற வழக்கமான பெயரில், முன்னால் புள்ளி வைத்து, ரெப்போ வேரில் வைத்தால் கிட்ஹப்பின் பிளேம் பக்கமும் அதை மதிக்கும். இந்தக் கோப்பை அதே மெர்ஜ் கோரிக்கையில் சேர்க்காதீர்கள். ஸ்குவாஷ் அல்லது ரீபேஸ் செய்து மெர்ஜ் ஆனால் ஹாஷ் மாறிவிடும், நீங்கள் எழுதியது எங்குமில்லாத கமிட்டாக நிற்கும். மெர்ஜ் ஆனபின் தனிக் கமிட்டாகச் சேருங்கள். கணினியில் இந்த அமைப்பைக் குளோபலாக வைக்கவும் வேண்டாம், அந்தக் கோப்பு இல்லாத ரெப்போக்களில் பிளேம் பிழை காட்டி நின்றுவிடும்.

திறந்திருக்கும் பிராஞ்ச்களுக்கு நான்கு படி. மாற்றத்துக்குச் சற்று முந்தைய கமிட்டைப் பிராஞ்சில் மெர்ஜ் செய்து உண்மையான மோதல்களைத் தீருங்கள். ஃபார்மேட்டரைப் பிராஞ்ச் முழுக்க ஓட்டிக் கமிட் செய்யுங்கள். மாற்றக் கமிட்டை ‘அவர்ஸ்’ உத்தியால் மெர்ஜ் செய்யுங்கள், பிராஞ்ச் ஏற்கெனவே புது வடிவில் இருப்பதால் அதிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை. பிறகு மிச்சத்தை வழக்கம்போல மெர்ஜ் செய்யுங்கள். இந்த நான்கையும் ஒரு ஸ்கிரிப்ட்டாக எழுதி, மாற்றம் உள்ளே போகும் நாளிலேயே பங்களிப்பாளர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். முதல் பேட்ச் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஒருவரிடம், நாம் செய்த மாற்றத்துக்காக 300 மோதல்களைத் தீர்த்து வா என்று சொல்வது நியாயமில்லை.

பழைய வெளியீட்டுப் பிராஞ்ச்கள்தான் நீண்ட நாள் செலவு. பாதுகாப்புத் திருத்தத்தைப் பின்னோக்கி எடுத்துப்போகும்போது செர்ரி-பிக் (ஒரு கமிட்டை மட்டும் எடுத்து ஒட்டுவது) வெற்றிட வித்தியாசத்தால் மோதும். இக்னோர்-ஸ்பேஸ்-சேஞ்ச் உத்தி விருப்பத்தேர்வு பெரும்பாலானவற்றைத் தாண்டவைக்கும், ஆனால் திருத்தப்பட்ட வரிகள் புதிய வடிவத்திலேயே வந்து உட்காரும். ஸ்பேஸ் கோப்பின் நடுவே டேப் வரிகள், பைத்தான் என்றால் நேராக டேப்எரர். அதனால் பராமரிப்பில் இருக்கிற பிராஞ்ச் ஒவ்வொன்றிலும் அதே ஃபார்மேட்டரை, அதே பதிப்பில், அதே நாளில் ஓட்டிவிடுங்கள். அந்த ஒவ்வொரு பிராஞ்சிலும் இக்னோர்-ரெவ்ஸ் கோப்பில் அந்தப் பிராஞ்சின் ஹாஷ் தனியாக இருக்க வேண்டும்.